நான் போட்ட பூட்டு

இப்போதெல்லாம் நான் யாருடைய கம்ப்யூட்டருக்கும் பூட்டுப் போடுவதில்லை. பழுது பார்த்தோமா, கொடுத்தோமா என்று இருக்கிறேன். அப்புறம் அதை அவர்கள் நாமக்கல்லுக்குக் கொண்டு போகட்டும், சேலத்துக்குக் கொண்டு போகட்டும், அது அவர்கள் பாடு. இந்த நிதானம் எனக்கு இயல்பாக வந்ததல்ல. ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்த பிறகு வந்தது.

செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டிலிருந்து சந்தைக்குப் போகிற வழியில் என் கடை. கம்ப்யூட்டர் சர்வீஸ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ரொம்ப வருடம் இந்த மலைமேல் கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அதில் எனக்குத் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று சொன்னால் என் பெண்டாட்டியே சிரிப்பாள். பிறகு ஜனங்கள் ஏதாவது வேலையாகக் கீழே இறங்கும்போது லேப்டாப்பையும் கையோடு எடுத்துப் போய் அங்கே காட்டிவிட்டு வர ஆரம்பித்தார்கள். அங்கே எவனாவது எதையாவது மாற்றி வைப்பான். மலை ஏறி வந்ததும் அது முரண்டு பிடிக்கும். நேரே என்னிடம் வந்து, "உங்ககிட்ட வாங்குனதுதானுங்க" என்பார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் பூட்டு. லேப்டாப்பை ஆன் செய்ததும், வேறு எதுவும் வருவதற்கு முன்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் அதன் அடிப்படை செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். தேதி, நேரம், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் அதை செட்டப் என்போம். என் கையை விட்டுப் போகிற ஒவ்வொரு மிஷினிலும் அந்தப் பக்கத்துக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுவிடுவேன். தினசரி வேலைக்கு அது குறுக்கே வராது. அதனால் அப்படி ஒன்று இருப்பதே வாங்கியவருக்குத் தெரியாது. நானும் சொல்ல மாட்டேன். பாதுகாப்புக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், எது கெட்டாலும் என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்ற எண்ணம்தான்.

எல்லா மிஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டு. மலையின் பெயர், அதை ஒட்டி எழுபது. அடிவாரத்திலிருந்து மேலே வருகிற ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருப்பார்கள். இங்கே பிறந்தவனுக்கு மறக்காத எண் அது. யோசித்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம்தான். ஆனால் பூட்டு இருப்பதே தெரியாதவர்கள் எங்கே யோசிக்கப் போகிறார்கள்.

அந்தப் பெண் பெரக்கரை நாட்டிலிருந்து வந்தவள்; நாலைந்து ஊர் சேர்ந்ததை இங்கே நாடு என்போம். கீழே ஹாஸ்டலில் தங்கி டிகிரி முடித்த வருடம் அது. அவளுடைய அய்யன் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி, ஏணி சறுக்கி விழுந்து, இடுப்பு போய்ப் படுத்துவிட்டார். அவரைத் தூக்கி உட்கார வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். அம்மா ஒருத்தியால் முடியாது. அதனால் படித்த பிள்ளை வேலைக்கு என்று மலையை விட்டு இறங்க வழியில்லை. வீட்டிலிருந்தே செய்கிற கம்ப்யூட்டர் வேலை ஏதாவது கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, பழைய லேப்டாப் ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்தாள்.

ஏதோ ஆபீஸில் ஓட்டிக் கழித்த மிஷின் ஒன்று இருந்தது. கறுப்பு, நல்ல கனம், கீழே போட்டாலும் உடையாத ஜாதி. துடைத்து, எல்லாம் ஏற்றி, வழக்கம்போல செட்டப்புக்குப் பாஸ்வேர்டு போட்டேன். அணைத்து, மறுபடி ஆன் செய்து, அதே பாஸ்வேர்டை அடித்துத் திறந்தும் பார்த்தேன். திறந்தது. நானே பூட்டி நானே திறந்து பார்த்துக் கொடுத்தது என்று பின்னாளில் ஊரெல்லாம் சொன்னேனே, அது பொய்யில்லை.

ஒரு மாதம் கழித்து வந்தாள்.

"அண்ணா, கீபோர்டுல மத்ததெல்லாம் நல்லா உழுகுதுங்க. ஜீரோ மட்டும் உழுக மாட்டேங்குதுங்க."

"பனி கண்ணு. உள்ள ஈரம் ஏறியிருக்கும். வெயில்ல செத்த நேரம் வெச்சிட்டு நல்லா அழுத்தி அடி."

இங்கே மார்கழி வந்தால் தீப்பெட்டியே நமத்துப் போகும். கீபோர்டு எந்த மூலைக்கு. நான் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கீபோர்டை ஒருமுறை தட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தாள். கடைசித் தடவை, கணக்குப் பயிற்சி பண்ண முடியவில்லை, பரீட்சையில் எண் அடிக்க வேண்டி வரும் என்று சொன்னாள். சேலத்தில் சொல்லி வேறு கீபோர்டு வரவழைக்க வேண்டும். எனக்குச் சோம்பல். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

பிறகு அவள் வந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு. லேப்டாப்பை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆன்லைனில் பரீட்சை. வீட்டிலிருந்தே செய்கிற டேட்டா வேலைக்கு ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது; அந்த வருடம் டிகிரி முடித்தவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். போனில் எழுத முடியாது, கேமரா வைத்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறையில் சிக்னல் நிலையாக நிற்கிறதாம். அங்கே உட்கார்ந்து எழுத இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். அன்று காலையிலிருந்து லேப்டாப் திறக்கவில்லை.

ஆன் செய்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே தேதியைக் காப்பாற்றி வைத்திருக்கும் சின்ன பட்டன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. தேதி எங்கோ பின்னால் போய், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்பதும் மறந்துபோய், செட்டப்புக்குள் போய்ச் சரி செய் என்று நின்றுகொண்டிருந்தது. இரண்டு நிமிட வேலை.

"இதுக்குத்தான் இவ்வளவு பயந்தியா" என்று சிரித்துக்கொண்டே செட்டப்பை அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். தவறு என்றது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். தவறு. மூன்றாவது முறையும் தவறு என்று சொல்லி, ஒரு நீள எண்ணைக் காட்டிவிட்டு அப்படியே உறைந்து நின்றது.

எனக்குச் சுருக்கென்றது. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்த திருகாணிகளில் புதுக் கீறல்.

"இதை யாரு பிரிச்சது?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அய்யனுக்கு மாத்திரை வாங்க நாமக்கல் போனனுங்கண்ணா. அப்ப அங்க ஒரு கடைல கீபோர்டு மாத்துனனுங்க. ஜீரோ உழுகவே இல்லீங்க, அதனாலதான்."

அவள் சொன்னதில் கடைசி வாக்கியம் என் காதில் ஏறவே இல்லை. நாமக்கல் கடை என்பதோடு எனக்குக் காது அடைத்துவிட்டது.

"பாஸ்வேர்டையும் சேத்து மாத்திப்புட்டான் பாரு."

"இல்லீங்கண்ணா. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தனுங்க. கீபோர்டு மட்டுந்தான் மாத்துனாங்க."

"அப்ப நான் பொய் சொல்றனா? நானே பூட்டி, நானே தொறந்து பாத்துக் குடுத்தது இது."

"அப்பிடி ஒரு பூட்டு இருக்கறதே எனக்கு இப்பத்தானுங்க தெரியும்" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. என்னைக் குற்றம் சொல்ல வந்துவிட்டாளே என்று கோபம் தலைக்கேறியது. "யாருகிட்டக் குடுத்துப் பிரிச்சியோ அவங்கிட்டயே கொண்டு போ" என்றேன்.

நான்கு மணிக்கு மேல் கீழே இறங்கி, கடையைத் தேடி, வேலையை முடித்து, மறுபடி மேலே வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நாளைக்குப் பத்து மணிக்குங்கண்ணா பரீட்சை."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. அப்புறம் பையோடு லேப்டாப்பை மேஜைமேல் வைத்து, "இது இங்கயே இருக்கட்டுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். பையில் செய்தித்தாள் சுற்றிய பழைய கீபோர்டும் இருந்தது. நாமக்கல் ஆள் அதைத் தூக்கி எறியாமல் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தான்.

அவள் பரீட்சை எழுதவில்லை. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் டீக்கடையில் சொல்லித்தான் தெரிந்தது. மறு வருடம் அந்தக் கம்பெனி புதிதாகப் படிப்பு முடித்தவர்களைக் கூப்பிட்டது. அவள் பழைய ஆளாகிவிட்டாள். கேட்டபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு திருப்தியும் இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை. கண்ட இடத்தில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன்.

நினைத்ததோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. அந்த லேப்டாப்பை அலமாரியில் எல்லார் கண்ணிலும் படுகிற தட்டில் வைத்தேன். யாராவது கீழே கொண்டு போய்க் காட்டலாமா என்று பேச்செடுத்தால் அதைக் கை காட்டி, "பெரக்கரை நாட்டுப் பிள்ளை ஒண்ணு இப்பிடித்தானுங்க கெடுத்துக்கிச்சு" என்று ஆரம்பித்துவிடுவேன். பெயர் சொல்ல மாட்டேன். பெயர் சொல்லாவிட்டால் மட்டும் தெரியாமல் போகிற அளவுக்கு இது பெரிய ஊரா? அவளுடைய அஜாக்கிரதையால்தான் வேலை போயிற்று என்று அவள் ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். அது என் வாயிலிருந்து போன கதை.

சில வருடங்கள் ஓடிவிட்டன. போன பொங்கலுக்குக் கடைக்கு வெள்ளையடிக்க அலமாரியைக் காலி செய்தபோது அந்த லேப்டாப் கைக்கு வந்தது. பொங்கல் முடிந்த மறுநாள் கடைக்கு ஆள் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இதைத் திறந்து பார்க்கலாமே என்று தோன்றியது. அவளுக்காக இல்லை. பூட்டியதை இன்னொருவன் மாற்றிவிட்டான், நான் திறந்து காட்ட வேண்டும் என்கிற வீம்பு.

புதுப் பட்டன் பேட்டரி போட்டேன். சில பழைய மிஷின்களில் அந்தப் பேட்டரியைக் கழற்றி வைத்தாலே பாஸ்வேர்டு அழிந்துபோகும். இது அந்த ரகமில்லை. பாஸ்வேர்டு வேறு ஒரு சிப்பில் போய் உட்கார்ந்திருக்கும். சேலத்தில் தெரிந்தவருக்குப் போன் செய்தேன். சிப்பையே மாற்ற வேண்டும் என்றார். மூன்று முறை தவறினால் காட்டும் அந்த நீள எண்ணை வைத்துத் திறக்கிற மாற்றுப் பாஸ்வேர்டுகள் இன்டர்நெட்டில் கிடைக்கும். அன்று அது காட்டிய எண்ணைக் குறித்து வைத்திருந்தேன்; அதைக் கொண்டு நான்கைந்தைத் தேடித் தாளில் எழுதிக்கொண்டேன். அடிக்கலாம் என்று போனால் கீபோர்டு வேலை செய்யவில்லை. அலமாரியில் இருந்த இத்தனை நாளில் ஈரம் ஏறி, கீபோர்டை உள்ளே இணைக்கிற நாடா அரித்துப் போயிருந்தது. அப்போதுதான் பையில் இருந்த பழைய கீபோர்டு நினைவுக்கு வந்தது. செய்தித்தாளைப் பிரித்து அதை எடுத்து மாட்டினேன்.

எழுதி வைத்த தாளைப் பார்ப்பதற்குள் பழக்கத்தில் என் விரல்கள் பழைய பாஸ்வேர்டையே அடித்துவிட்டன. மலையின் பெயர், எழுபது.

திறந்துகொண்டது.

நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். முதலில் வந்தது சந்தோஷம்தான். என் பாஸ்வேர்டு அப்படியேதான் இருக்கிறது, எனக்கு ஒன்றும் மறக்கவில்லை என்று ஒரு பெருமை. அப்படியானால் நாமக்கல்காரன் மாற்றவில்லையே என்பது கொஞ்சம் பின்னால்தான் உறைத்தது. அன்று ஏன் திறக்கவில்லை என்று புரியாமலே, வந்ததுக்குத் தேதியைச் சரி செய்வோம் என்று உட்கார்ந்தேன். நாள் அடித்தேன், மாதம் அடித்தேன். வருடத்துக்கு இரண்டு அடித்தேன், அடுத்தது பூஜ்யம். விழவில்லை. மறுபடி அடித்தேன். விழவில்லை. அவளுக்குச் சொன்ன மாதிரியே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன். பூஜ்யம் அந்தத் திரையில் விழவே இல்லை.

பாஸ்வேர்டிலும் ஒரு பூஜ்யம் இருந்ததே.

நான் பூட்டுப் போட்ட அன்றைக்கே அந்தப் பொத்தான் செத்திருந்தது. பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் வெறும் புள்ளிகள்தான் வரும்; யார் எண்ணிப் பார்க்கிறார்கள். இரண்டு தடவை அடிக்கச் சொல்லும். இரண்டு தடவையும் பூஜ்யம் விழவில்லை. திறந்து பார்த்தபோதும் அதே கீபோர்டு, அப்போதும் விழவில்லை, அதனால் திறந்தது. நான் எழுபது என்று நினைத்துப் போட்ட பூட்டு உண்மையில் வெறும் ஏழு. நாமக்கல்காரன் நல்ல கீபோர்டு மாட்டியதும் பூஜ்யம் ஒழுங்காக விழுந்தது. விழுந்ததால் தவறு ஆயிற்று. அவன் மாற்றவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. ஜீரோ விழவில்லை என்று என் கடைக்கே வந்து மூன்று தடவை சொன்னாள். அன்று சாயங்காலம் நான்காவது தடவையும் சொன்னாள்.

அந்த லேப்டாப்பைப் பற்றி ஊருக்கெல்லாம் கதை சொன்ன நான், அவள் சொன்ன இந்த ஒன்றை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்த அளவுக்கு அதை மறந்திருந்தேன்.

உடனே போகவில்லை. போக முகமில்லை. அவள் கல்யாணமாகி திண்ணனூர் நாட்டில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். புதுக் கீபோர்டு வரவழைத்து மாட்டி, பூட்டை எடுத்துவிட்டு, எல்லாம் ஓடுகிறதா என்று இரண்டு நாள் பார்த்தேன். இன்னும் பார்க்க ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் வண்டியை எடுத்தேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ரோடு முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒற்றையடிப் பாதையில் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது.

வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தது. அவள் உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணா" என்றாள். அடையாளம் தெரியாமல் போகும் என்று நினைத்திருந்தேன். அய்யனும் அம்மாவும் இப்போது அவர்களோடுதான் இருக்கிறார்களாம். உள்ளே கட்டிலில் அவர் இருமுவது கேட்டது. கோரைப்பாய் போட்டு உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

நான் சொல்லி வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். கீபோர்டு, பூஜ்யம், புள்ளிகள், ஏழு. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். உன் மேல் பழி போட்டது என் தப்பு என்று சொன்னேன். உள்ளே இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். ஊரில் நான் பரப்பியதை நானே திருத்திச் சொல்கிறேன் என்றேன்.

"செரிங்கண்ணா" என்றாள். "நான் பொய் சொல்லலைன்னு இப்பவாச்சும் தெரிஞ்சுதுங்களே."

எனக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. காப்பியைக் குடித்தேன். பாரம் இறங்கிவிட்டது என்றுகூட நினைத்தேன். அவள் மறுபடி தார்ப்பாயில் உட்கார்ந்து மிளகைக் கையால் பரப்பிவிட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களாண்ணா?"

"கேளு கண்ணு."

"அன்னைக்கு உங்க கடைல மூணு கம்ப்யூட்டர் இருந்துச்சுங்க. ஒண்ணுல பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு, மத்த ரெண்டும் கேமராவோட சும்மா இருந்துச்சுங்க. நான் பொய்யே சொல்லியிருந்தாலுஞ்செரி, காலைல வந்து அதுல ஒண்ணுல உக்காருன்னு நீங்க சொல்லியிருந்தா நான் பரீட்சை எழுதியிருப்பனல்லங்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. இத்தனை வருடமாக உள்ளே வைத்திருந்து, பதில் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் பாஸ்வேர்டைப் பற்றி யோசித்த இத்தனை நாளில் அந்த மூன்று கம்ப்யூட்டரும் ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. அன்று பாஸ்வேர்டு சரியாக விழுந்து திறந்திருந்தால்கூட, திருகாணியில் கீறலைப் பார்த்த பிறகு, வைத்துவிட்டுப் போ, நாளை மறுநாள் வா என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியாதா? பூஜ்யத்தின் மேல் பழி போட நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா கண்ணு" என்றேன். "எழுதியிருப்ப."